காலை 6 மணி வகுப்பில் எந்த ஆசனம் முதலில்?

பத்து ஆசனங்கள் தெரிந்துவிட்டால் வகுப்பு எடுத்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். எதற்குப் பின் எது என்று தெரியாவிட்டால் அந்தப் பத்துமே உடம்புக்குத் தொந்தரவாகிவிடும். 1930களில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தி, பின்னாளில் சென்னையில் குடியேறிக் கற்பித்தவர் டி. கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989). ஓர் ஆசனத்தை இலக்காக வைத்து, உடம்பைப் படிப்படியாக அதற்குப் பக்குவப்படுத்தி, முடிந்ததும் மாற்று ஆசனம் தந்து மீட்டுக் கொண்டுவருவது அவருடைய மரபு. அதை விந்யாச கிரமம் என்பார்கள்.

இந்த வரிசைக்குள் நாம் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு: கடிகாரம்.

காலையில் நாம் எல்லோரும் கொஞ்சம் உயரமாக எழுந்திருக்கிறோம். முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகள், இரவில் பாரம் இறங்கியதும் நீரை உறிஞ்சி, ஊறவைத்த கடலைபோல உப்பிவிடுகின்றன. பகல் முழுதும் நின்று நடக்கையில் அந்த நீர் கசிந்து வெளியேறும். காலைக்கும் இரவுக்கும் உயரத்தில் ஏறக்குறைய 1 விழுக்காடு வித்தியாசம், 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு ஒன்றரை செ.மீ.க்கும் மேல். இந்தக் குறைவில் பாதிக்கு மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

உப்பிய வட்டு விறைப்பாக இருக்கும், எளிதில் வளையாது. ஆடம்ஸ், டோலன், ஹட்டன் ஆகியோர் 1987இல் வெளியிட்ட ஆய்வின்படி, முன்னால் குனியும்போது இடுப்புப் பகுதி வட்டுகள் மீது விழும் வளைவு அழுத்தம் அதிகாலையில் சுமார் 300 விழுக்காடு கூடுதல். படுக்கையிலிருந்து நேரே வந்தவரை முதல் ஆசனமாகவே பஸ்சிமோத்தானாசனத்தில் குனிய வைப்பது எவ்வளவு தவறு என்று பாருங்கள்!

அதற்காக அந்த ஆசனத்தைக் காலையில் தொடவே கூடாது என்பதில்லை. அதையே அன்றைய வகுப்பின் கருப்பொருளாகவும் வைக்கலாம், இடத்தை மட்டும் கடைசிப் பகுதிக்குத் தள்ளவேண்டும். முதலில் தாடாசனம்: நின்று, மூச்சோடு கைகளை உயர்த்தி இறக்குவது. அடுத்து வீரபத்ராசனம். நிற்கும் ஆசனங்களில் உடல் எடை முதுகெலும்பின் மேல் இறங்க, வட்டில் உள்ள கூடுதல் நீரும் மெல்ல வெளியேறத் தொடங்கும். பிறகு சுப்த பாதாங்குஷ்டாசனம். முதுகைத் தரையில் கிடத்திக் காலை மட்டும் உயர்த்துவதால், தொடையின் பின்தசை நீளும், கீழ்முதுகு வளையாது. அழகான ஏற்பாடு இது. குனிவதற்குத் தடையாக இருந்த இறுக்கம் குனியாமலே தளர்ந்துவிடுகிறது.

வேகமாக இழுத்தால் பலன் இல்லை. தசைக்குள் இருக்கும் உணர்விழைகள் திடீர் இழுப்பை ஆபத்தாக எடுத்துக்கொண்டு தசையைச் சுருக்கிவிடும். மூச்சை நீட்டி நிதானமாகப் போனால்தான் தசை தளரும். பஸ்சிமோத்தானாசனத்துக்குப் பின் மாற்றாக, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் த்விபாத பீடம், கடைசியில் சவாசனம். எழும்போது பக்கவாட்டில் திரும்பி மெதுவாக எழச் சொல்லுங்கள். சட்டென்று எழுந்தால் ரத்தம் கால்களுக்கு இறங்கித் தலை சுற்றும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாலை வகுப்புக்கு எழுதிய வரிசையை அப்படியே காலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். மாணவர் எழுந்து எவ்வளவு நேரமாயிற்று என்று முதலில் கேளுங்கள், வரிசையைப் பிறகு எழுதுங்கள்.