'பீகாக்' தமிழ்ச் சொல்லா? வாட்ஸ்அப் ஃபார்வர்டு சொல்வது உண்மையா?

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குப் போனவங்களுக்குத் தெரியும். கண்ணை மூடி உட்கார்ந்தால் மந்திரத்துக்கு முன்னாடி மயில் சத்தம்தான் காதில் விழும். ரமணர் காலத்திலேயே அங்கே மயில்கள் உண்டு. 1947-ல் பரோடா மகாராணி ஒரு வெள்ளை மயிலையே அனுப்பி வைத்தார். இன்று அங்கு வரும் வெளிநாட்டவர்கள் 'பீகாக்' என்று செல்போனைத் தூக்க, "அந்த வார்த்தையே நம்ம 'தோகை'யில் இருந்து போனதுதான்" என்கிறது ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு.

உண்மையா?

முதலில் 'காக்' என்பதைக் கழற்றி வைத்துவிடலாம். அது சேவல். ஆண் பறவை என்று காட்ட ஒட்டியது. பெண் மயில் 'பீஹென்'. மிச்சம் இருப்பது 'பீ' (சிரிக்காதீங்க!). இது லத்தீன் மொழியின் 'பாவோ'விலிருந்து பழைய ஆங்கிலத்துக்கு வந்தது. இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் அடுத்த படியில். கிரேக்கத்தில் மயில் 'தாவோஸ்'. ஏதென்ஸ்காரர்கள் நடுவில் ஒரு 'ஹ' ஒலி சேர்த்து 'தஹோஸ்' என்றார்களாம். கிரேக்கச் சொற்களுக்கு அது வழக்கமே இல்லை என்பதால், வெளியிலிருந்து வந்த சொல்லாக இருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கிறது. பாரசீகத்தில் 'தாவூஸ்'. ஷாஜகானின் மயிலாசனத்துக்குப் பெயரே 'தக்த்-எ-தாவூஸ்'. ஆனால் 'தா' எப்படி லத்தீனில் 'பா' ஆனது? இதற்குத் தெளிவான பதில் இல்லை. மயில் அகவும் ஒலியைக் கேட்டு வைத்த பெயர் என்றும் ஒரு கருத்து உண்டு.

அப்போ தோகை எங்கே வருகிறது?

பைபிளில். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சாலமோன் மன்னனுக்குக் கப்பலில் பொன், வெள்ளி, தந்தம், குரங்குகளோடு 'துக்கி'களும் வந்தன என்கிறது எபிரேய மூலம். தமிழ் பைபிளில் இது 'மயில்கள்'. சங்க இலக்கியத்தில் 'தோகை' என்றால் இறகு மட்டுமல்ல, மயிலும்தான். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், 'துக்கி'யை இந்தத் 'தோகை'யோடு சேர்த்தார். பலர் ஏற்றார்கள். அது ஒரு குரங்கு வகை என்று மறுத்தவர்களும் உண்டு.

ஆக, தோகையிலிருந்து எபிரேயம் வரை போக ஓரளவு வலுவான பாதை இருக்கிறது. அங்கிருந்து 'பீகாக்' வரைக்கும் பாலம் இன்னும் கட்டப்படவில்லை. 'நிரூபிக்கப்பட்டது' என்று ஷேர் செய்வது தப்பு.

இன்னொரு வேடிக்கை. இன்றைய எபிரேயத்தில் 'துக்கி' என்றால் கிளி. மயிலுக்கு 'தவஸ்' என்கிறார்கள்.