கூரையும் கூறையும்

பங்குனி மாதத்தில் ஒரு நாள் நோர்வூட்டிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பல்லாண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழ் கற்ற மாணவர். தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்து வளர்ந்தவர். இப்பொழுது ஹட்டன் நகரில் ஒரு கடையிற் கணக்கெழுதி வருகின்றார். நலம் விசாரித்த இரண்டு வரிகளின் பின், "போன கிழமை பெய்த ஆலங்கட்டி மழையில் எங்கள் கூறை போய்விட்டது ஐயா, அம்மாவும் தங்கையும் அடுத்த லயத்திற் படுத்துக்கொள்கின்றார்கள்" என்று எழுதியிருந்தார்.

துயரச் செய்திதான். ஆயினும் முப்பது ஆண்டு வழக்கம் எளிதில் விட்டுப் போகுமா? என் கண் முதலில் எழுத்துப் பிழையிற் சென்று நின்றது. இடையின ரகரம் பெற்ற கூரை, வீட்டுக்கு மேல் வேய்வது. வல்லின றகரம் பெற்ற கூறை, உடை. சிறப்பாக மணமகள் உடுக்கும் புடைவை. இவ்விரண்டையும் ஒருமுறையேனும் மயக்கி எழுதாத மாணவனை யான் இதுவரை கண்டதில்லை. சிவப்பு மையைத் தேடிய விரலை நாணத்தோடு மடக்கிக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை மலைக்குப் புறப்பட்டேன்.

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாகச் செல்லும் பேருந்து காசல்றீ நீர்த்தேக்கத்தை ஒட்டி வளைந்து வளைந்து நோர்வூட்டை அடையும். அங்கே சந்தியில் மஸ்கெலியாவுக்கு ஒரு பாதையும் பொகவந்தலாவைக்கு ஒரு பாதையும் பிரிகின்றன. மாணவர் சந்தியிற் காத்திருந்தார். தோட்டத்துப் பாதையில் ஏறும்போது, கூரையைப் பற்றிப் பேசாமல் முதலில் தேயிலைச் செடிகளைத்தான் காட்டினார். இளந்தளிர்கள் சாட்டையால் அடிபட்டவைபோலக் கிழிந்தும் கருகியும் கிடந்தன. "கொழுந்து இல்லைங்க ஐயா. கொழுந்து இல்லேன்னா அம்மாவுக்கு முழுப்பேரும் விழாது" என்றார். பேர் என்பது தோட்டத்தார் வழக்கில் ஒரு நாட்கூலி. ஒரே மழை கூரையையும் உடைத்து, அக்கூரையை மாற்றுவதற்கு வேண்டிய கூலியையும் குறைத்துவிட்டது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

ஆலங்கட்டியைப் பழந்தமிழர் ஆலி என்றனர். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகீழ்ப் பருவக்காற்றும் ஓய்ந்திருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில், பகல் வெயில் மலைச்சரிவைச் சுடச்சுட, ஈரக்காற்று செங்குத்தாக மேலெழுகின்றது. அக்காற்றிற் சிக்கிய நீர்த்துளி உறைநிலையைக் கடந்த உயரத்துக்கு ஏறிப் பனிக்கட்டியாகி, மேலும் மேலும் நீர் உறைந்து பருத்து, காற்றால் தாங்கவியலாத எடையை அடைந்தவுடன் விழுகின்றது. பெரியதோர் ஆலியை வெட்டிப் பார்த்தால் வெங்காயம்போல் அடுக்கடுக்காக இருக்கும். கென்யா நாட்டின் கெரிச்சோ என்னும் தேயிலை மலைப்பகுதி, உலகிலேயே ஆலி மிகுதியாகப் பொழியும் இடங்களுள் ஒன்று. 1960களில் அங்கே கொழுந்தைக் காப்பதற்காக மேகத்துக்குள் வாணங்களை எய்து பார்த்தனர். கூரையைக் காப்பதற்காக எவரேனும் எங்கேனும் வாணம் எய்ததாக யான் படித்ததில்லை.

லயத்தை அடைந்தோம். லயம் என்று சொன்னவுடன் இசை நினைவுக்கு வருவோர் இருக்கலாம். இது வரிசை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறை; அதற்குக் காம்பரா என்று பெயர். முன்னே இஸ்தோப்பு என்னும் சிறு திண்ணை; பின்னே சாய்ப்பாக இறக்கிய குசினி. இத்தகைய காம்பராக்கள் பல ஒட்டி நிற்க, அவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரே முகடு, ஒரே கூரை. கோப்பிக் காலத்தில் புல்வேய்ந்திருந்த இக்கூரை பின்னர் இரும்புத் தகரமாயிற்று. இலண்டன் துறைமுகத்தில் பொறியியலாளராக இருந்த என்றி பாமர் என்பவர் நெளித் தகட்டுக்குக் காப்புரிமை பெற்றது 1829இல். சில ஆண்டுகளுக்குள் இரும்புக்கு நாகம் பூசும் முறையும் வந்து சேர்ந்தது. எடை குறைவு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கப்பலேற்றலாம், தச்சுத் திறமை அதிகம் வேண்டியதில்லை என்னும் காரணங்களால் அது குடியேற்ற நாடுகளெங்கும் பரவிற்று.

மாணவரின் காம்பராவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். பகலில் வானத்து மீன்களைப் பார்ப்பதுபோல இருந்தது. ஆலி துளைத்த துளைகள் சில; அவை விளிம்பு கிழிந்து உட்புறம் மடங்கியிருந்தன. துருவே தின்ற துளைகள் பல. தாரும் சீலையும் வைத்து ஒட்டிய பழைய ஒட்டுக்கள் அவற்றின்மேல் உதிர்ந்துகொண்டிருந்தன. உறுதியான தகரத்தை நம் நாட்டு ஆலி நெளிக்கும், துளைப்பது அரிது. நாகப்பூச்சு எப்போதோ போய்விட்ட தகரத்தைத்தான் அது அப்பளமாக நொறுக்கியிருந்தது. அக்கூரையின் வயதை எவராலும் சொல்ல இயலவில்லை. மாணவரின் தாயார், "நான் வாக்கப்பட்டு வந்தப்பவே இது பழசுதாங்க ஐயா" என்றார்.

குசினியின்மேல் நீலத் தறப்பாள் ஒன்று கட்டப்பட்டு, காற்றுக்குப் பறக்காதபடி கற்களும் பழைய டயர்களும் ஏற்றப்பட்டிருந்தன. தறப்பாள் என்பது சீலைதானே? கூரையாக இருந்தது கூறை. என் மாணவரின் எழுத்துப் பிழை பாதி திருந்திவிட்டது.

சிறுபாணாற்றுப்படையைப் பாடஞ்சொல்லும் ஆசிரியர்கள் நல்லியக்கோடனின் கொடையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவோம். அதில் வரும் பாணனின் அடுக்களையை ஒரு நொடியிற் கடந்துவிடுவோம். கூரைக் கழிகள் கழன்று விழுந்த பழஞ்சுவர். கறையான் அரித்த புழுதியில் முளைத்த காளான். உப்பில்லாமல் வெந்த வேளைக்கீரை. அயலார் பார்த்துவிடுவரே என்னும் நாணத்தால் கதவடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்ணும் பாணன் மனைவி. அன்று அந்தத் தாயார் எனக்குத் தேநீர் தந்தார். மழை வருவதுபோல் இருண்டதும் எழுந்து சென்று உட்கதவைச் சாத்தினார். உள்ளே ஒழுக்குக்கு வைத்திருந்த சட்டிகளை யான் காணக்கூடாதென்பது அவர் எண்ணம். நத்தத்தனார் மிகைப்படுத்தவில்லை.

கணக்குக்கு வருவோம். மாணவர் கடைக்கணக்கர் ஆதலின் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். முன்சரிவுக்கு ஐந்து தகடு, பின்சரிவுக்கு ஐந்து, குசினிச் சாய்ப்புக்கு நான்கு. ஆகப் பத்தடித் தகடுகள் 14. தாயாரின் நாட்சம்பளம் அப்பொழுது 1350 ரூபாய். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட தொகை அது. அதிலே ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு வீதம் 108 ரூபாய் கழியும். தடிப்பையும் பூச்சையும் பொறுத்து ஒரு தகடு மூன்று அல்லது நான்கு நாட்சம்பளத்தை விழுங்கும் என்று ஹட்டன் கடைகளில் விசாரித்திருந்தார். தகட்டுக்கு மாத்திரமே ஏறத்தாழ ஐம்பது நாள். முகட்டுத் தகடு, இறப்பர் வில்லை வைத்த ஆணி, உளுத்த கைமரங்களுக்கும் சிலாகைகளுக்கும் மாற்று, சந்தி வரை லொறி, சந்தியிலிருந்து தலைச்சுமை, தச்சுப் பாசின் கூலி எல்லாம் சேர்ந்து அந்தக் கொப்பியில் எண்பது நாளைத் தாண்டியிருந்தது. ஒரு நாளும் உண்ணாமல், ஒரு நாளும் நோயுறாமல் உழைத்த எண்பது நாள் என்று கொள்க. 2022இன் நெருக்கடியில் டொலர் ஒன்றுக்கு 200 ரூபாயளவில் இருந்த நாணய மதிப்பு 360ஐத் தாண்டிச் சரிந்தபோது, இறக்குமதி இரும்பை நம்பிய பொருள்களெல்லாம் ஏறிய ஏற்றத்தை வாசகர்கள் மறந்திரார்.

பணம் கிடைத்தாலும் முடிச்சு அவிழ்வதில்லை. பல குடும்பங்களுக்கும் ஒரே கூரை என்றேன் அல்லவா? நடுவில் ஒரு காம்பராவுக்கு மாத்திரம் புதுத்தகடு போட்டால், இருபுறமும் பழைய தகரத்தோடு அது சேரும் பொருத்தில் நீர் இறங்கும். பழைய தகரத்தை நிமிர்த்தினால் ஒடிகின்றது. அயல்வீட்டார் சம்மதித்தாலன்றி ஆணி கழற்றவும் இயலாது. தனிவீட்டுக்காரர் அறியாத சங்கடம் இது.

இனி, இக்கூரை யாருடையது? 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. நிலம் அரசின் உடைமை, கம்பனி குத்தகைக்காரர், தொழிலாளி, வேலையின் பேரில் குடியிருப்பவர். காம்பராவுக்கு உறுதி கிடையாது. உறுதி இல்லாதவற்றை ஈடுவைத்து வங்கியிற் கடன் பெறுவதெங்ஙனம்? முறைப்பாடு எழுதிக் கொடுத்தால் பட்டியலிற் பெயர் ஏறும். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் போன்ற அமைப்புகளின் வழியே லயங்களுக்குக் கூரை மாற்றும் பணி நடைபெறாமலில்லை. ஆனால் பட்டியலுக்கு ஒரு வேகம், மழைக்கு வேறொரு வேகம். முழங்கால் நோவோடு அந்தத் தாயார் இன்னும் மலை ஏறுவதற்குக் காரணம் கூலி மாத்திரம் அன்று. வீட்டில் ஒருவர் பெயரேனும் தோட்டப் பதிவில் இருந்தாற்றான் காம்பராவும் இருக்கும் என்னும் அச்சமும் அதனுள் உண்டு. மலையகத்தின் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலொன்றுக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டார். வீட்டுக்குள்ளே இருந்துகொண்டு வீடற்றவனாக இருக்கக்கூடும் என்பதை அறிய, லயத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தல் வேண்டும்.

அவ்வரிசையின் கடைசி இரண்டு காம்பராக்களுக்கு முன்னொரு காலத்தில் அஸ்பெஸ்டாஸ் தகடு போட்டிருந்தார்கள். அவை நெளியாமல், துருப்பிடிக்காமல், ஒரேயடியாக வெடித்திருந்தன. உடைந்த துண்டுகளை வைத்துச் சிறுவர்கள் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தனர். யான் உபதேசம் செய்வதை இயன்றவரை தவிர்ப்பவன், அன்று தவிர்க்கவில்லை. கல்நார்த் தூள் மூச்சிற் புகுந்தால் பல பத்தாண்டுகள் கழித்தும் புற்றுநோயை விளைவிக்கக்கூடும். துண்டுகளை நீர் தெளித்து நனைத்தே அகற்றுதல் வேண்டும்.

இக்கல்நாருக்கும் தேயிலைக்கும் ஓர் உறவு உண்டு. அதனை இறக்குமதி செய்வதை 2018 தொடக்கத்திலிருந்து கட்டுப்படுத்த நமது அரசு தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதென்று கூறி, கல்நாரை நமக்கு விற்கும் ரஷ்யா நமது தேயிலையைத் தடைசெய்தது. கல்நார்க் கட்டுப்பாடு ஒத்திவைக்கப்பட்டது. அம்மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கிற்று. வண்டு உண்மையிலேயே இருந்திருக்கலாம். ஆயினும் கொழுந்து பறிப்பவரின் தலைக்கு மேலே என்ன தகடு இருக்கவேண்டும் என்பது, அவர் பறித்த கொழுந்தின் விலையோடு சேர்த்தே பேசப்பட்டது என்பதை மறுக்கவியலாது.

நல்லவை நடக்கவில்லை என்று கூறேன். இதே நோர்வூட்டின் மைதானத்தில் 2017 மே 12ஆம் நாள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி உரையாற்றியபோது, முன்னரே தொடங்கிய 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் தரப்படும் என்றார். ஏழு பேர்ச் காணி, தனிவீடு, தனிக்கூரை. அவ்வீடுகளிற் குடியேறியோரின் முகத்தை யான் கண்டிருக்கின்றேன். அந்தப் பத்தாயிரத்தின் முதற்கட்டப் பணி தொடங்கியது 2024 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் வீடொன்றுக்கான மானியத்தைப் பத்து இலட்சத்திலிருந்து 28 இலட்சம் ரூபாயாக உயர்த்தவேண்டி வந்தது. என் மாணவரின் லயத்துக்கு அந்த வரிசை இன்னும் வரவில்லை.

"என்ன செய்யப் போகின்றீர்?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தார். தங்கைக்குத் தை மாதம் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மணப்புடைவைக்கும் தாலிக்கொடிக்கும் என்று தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் இருந்தது. அதை எடுத்து முன்சரிவுக்கு ஐந்து தகடு வாங்குவதென்று முடிவு செய்துவிட்டார்கள். தங்கைதான் வற்புறுத்தினாளாம். கடிதத்தில் அவர் எழுதியது பிழையன்று. உண்மையாகவே கூறைதான் போயிற்று.

அயல்வீட்டார் நல்லவர்கள். தங்கள் பக்கத்துத் தகரத்தை ஒரு முழம் தூக்கிக் கொடுத்து, புதுத்தகட்டின் விளிம்பை அதன் கீழே செருகவிட்டார்கள். பின்சரிவைத் தீபாவளி முற்பணத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். முற்பணம் என்பது பண்டிகைக்குத் தோட்டம் தரும் கடன். பிறகு சம்பளத்தில் மாதாமாதம் பிடிபடும். அவ்வாறே ஐப்பசியில் பின்சரிவும் வேய்ந்தாயிற்று.

2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் மலையகத்தைத் தாக்கி, பல இடங்களில் மலையே சரிந்தபோது, அஞ்சி அவருக்குத் தொலைபேசியில் அழைத்தேன். பெரும் புயலுக்குப் பெயர் உண்டு, நிவாரண அறிவிப்பு உண்டு. பங்குனி ஆலிக்குப் பெயரும் இல்லை, நிவாரணமும் இல்லை என்று யான் சொன்னதற்கு அவர் சிரித்தார். "புதுத் தகடு நின்னுருச்சுங்க ஐயா. குசினிக்கு மட்டும் நாலு தகடு பாக்கி. தறப்பாளைத் திரும்பக் கட்டியிருக்கோம்" என்றார். தங்கையின் திருமணம் ஆவணிக்குத் தள்ளிப் போயிருக்கின்றதாம்.