தப்பாகப் போட்டும் திறந்த புதிர்

பிரிட்டிஷ் உளவு அமைப்பான ஜி.சி.எச்.கியூ. 2015 கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் வெளியிட்ட புதிரைச் சென்ற விடுமுறையில் எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தேன். 25க்கு 25 கட்டங்கள். ஓரத்து எண்களின்படி அடுத்தடுத்த கட்டங்களைக் கறுப்பாக்க வேண்டும். இரு தொகுதிகளுக்கு நடுவே ஒரு வெள்ளையாவது வேண்டும். முதல் வரிசைக்கு 7, 3, 1, 1, 7. இடைவெளியோடு 23 கட்டங்கள் போய்விடும், மீதி இரண்டே. அதைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தேன்.

மூன்றாம் நாள் மூலைகளில் சதுரங்கள் தெரிந்தன. அட, கியூ.ஆர். கோட்! போனைக் காட்டியதும் அடுத்த சுற்றின் இணைய முகவரி வந்தது. பிறகு எண்களைச் சரிபார்த்தால் இரண்டு கட்டங்கள் தவறு! கியூ.ஆர். கோடில் பிழைதிருத்தும் வசதி உண்டு. சில கட்டங்கள் மாறினாலும் தகவல் கெடாது.

அடுத்த சுற்றுகளில் அந்தச் சலுகை இல்லை. 2016ல் முடிவு வந்தபோது, எல்லா விடைகளையும் சரியாகச் சொன்னவர் ஒருவருமில்லை. நீங்களும் முயன்று பாருங்கள். முதல் வரிசையில் தொடங்குங்கள்.