கண்ணுக்குத் தெரியாத நிறத்தில் ஒரு சாயம்

இருட்டறையில் ரோச் லைற்றை உள்ளங்கையோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். கையின் மறுபக்கம் சிவப்பாகத் தெரியும். வெள்ளை வெளிச்சத்தில் உள்ள நீலத்தையும் பச்சையையும் இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் விழுங்கிவிடுகின்றது. சிவப்பு மட்டும் தப்பி வெளியே வருகின்றது. அந்தச் சிவப்புக்கும் அப்பால் எமது கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ் ஒளி இருக்கின்றது. அதிலே 700 முதல் 900 நனோமீற்றர் வரையான பகுதியை இரத்தமும் அதிகம் விழுங்காது, தண்ணீரும் அதிகம் விழுங்காது. தோலையும் தசையையும் கடந்து சிறிது ஆழம் போய்த் திரும்பி வரக்கூடியது அது. வைத்தியசாலையில் விரல் நுனியில் கவ்வி மாட்டி ஒட்சிசன் பார்ப்பார்களே, அந்தக் கருவியும் சிவப்பையும் செந்நிறக்கீழ் ஒளியையும் விரலுக்கூடாக அனுப்பித்தான் அளக்கின்றது.

இந்த ஒளியை வாங்கி, அதே வகை ஒளியை உமிழும் சாயம் ஒன்றை உடலில் ஏற்றினால், விசேட கமராவால் உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். அப்படியொரு சாயம் பல காலமாகவே இருக்கின்றது. பெயர் இந்தோசயனின் கிரீன். முதலில் கொடாக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் புகைப்படத் தொழிலுக்காகச் செய்யப்பட்டது. 1959இல் அமெரிக்காவில் மனிதருக்குப் பாவிக்க அனுமதி கிடைத்தது. இரத்தத்தில் கலந்ததும் அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். ஈரல் அதைப் பிடித்துப் பித்தநீரில் தள்ளிவிடும். ஈரல் நல்ல நிலையில் உள்ளவருக்கு மூன்று, நான்கு நிமிடங்களில் பாதியளவு இரத்தத்தை விட்டுப் போய்விடும். தைத்த குடலுக்கு இரத்தம் ஒழுங்காகப் போகின்றதா, மார்புப் புற்றுநோய் முதலில் எந்த நிணநீர்க் கணுவுக்குப் பரவக்கூடும் என்பதையெல்லாம் சத்திரசிகிச்சை வைத்தியர் மேசையிலேயே பார்க்க இது உதவுகின்றது.

இத்தகைய சாயத்தை எப்படி வடிவமைக்கின்றார்கள்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இரண்டு வளையங்களை எடுத்து, நடுவிலே காபன் அணுக்களால் ஒரு பாலம் போடுகின்றார்கள். பாலத்தில் மூன்று காபன் இருந்தால் சாயம் ஏறத்தாழ 550 நனோமீற்றர் ஒளியை வாங்கும். ஐந்து என்றால் 650. ஏழு என்றால் 750. இரண்டு காபன் கூடக்கூட நிறம் நூறு நூறாக நகர்ந்து, கடைசியில் எம் கண்ணை விட்டே போய்விடுகின்றது! ஆனால் நீண்ட பாலம் ஆடும், வெளிச்சம் பட்டுச் சிதையும். ஆகவே நடுவில் இன்னொரு வளையம் வைத்து இறுக்குவார்கள். தண்ணீரில் கரைவதற்குக் கந்தகமும் ஒட்சிசனும் சேர்ந்த கூட்டங்களை ஓரங்களிலே ஒட்டுவார்கள்.

அடுத்த படி, சாயத்துக்கு முகவரி எழுதுவது. சில புற்றுநோய்க் கலங்கள் போலிக் அமிலம் என்ற விற்றமினை மற்றக் கலங்களை விடக் கூடுதலாகப் பிடித்து இழுக்கும். அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் பிலிப் லோ அந்த விற்றமினை ஒத்த துண்டொன்றோடு சாயத்தைக் கட்டினார். 2021இல் சூலகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்கு அது அனுமதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நுரையீரலுக்கும். கண்ணும் விரலும் தவறவிடும் சிறு கட்டி கமராவில் ஒளிர்ந்து தெரியக்கூடும்.

காட்டிக் கொடுப்பதோடு நில்லாமல் கொல்லும் சாயமும் உண்டு. ஹிசாற்றாக்கா கொபயாஷி என்ற ஆய்வாளர் குழு, நீல வர்ணப் பெயின்றில் உள்ள மூலக்கூறின் உறவு முறையான ஒன்றை, புற்றுக் கலத்தைத் தேடிப் பிடிக்கும் புரதத்தோடு இணைத்தது. 690 நனோமீற்றர் ஒளி பட்டதும் சாயம் உருமாறிக் கலத்தின் சவ்வைக் கிழிக்கின்றது. ஒளி படாத இடத்தில் வேலை நடக்காது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு ஜப்பான் 2020இல் இதை ஏற்றுக்கொண்டது.

சாயத்திலிருந்து மருந்து என்ற இந்தப் பாதையில் எமது ஒக்லாந்தும் நடந்திருக்கின்றது. ஊரிலே காயத்துக்குப் பூசும் மஞ்சள் மருந்து, அதுதான் அக்கிரிபிளேவின், பலருக்கு ஞாபகமிருக்கும். அதன் சாயக் குடும்பத்திலிருந்தே ஒக்லாந்துப் புற்றுநோய்ச் சங்க ஆய்வுகூடத்தில் புரூஸ் கெயினும் சகாக்களும் 1970களில் அம்சாக்கிரின் என்னும் இரத்தப் புற்றுநோய் மருந்தை உருவாக்கினார்கள். டீ.என்.ஏ. ஏணியின் படிகளுக்கிடையே நுழைந்து உட்காருவது அது. எவ்வளவு இறுக்கமாக உட்காருகின்றது என்பதை புரூஸ் பகுலியும் வில்லியம் டெனியும் ஒளிரும் சாயம் ஒன்றைக் கொண்டே அளந்தார்கள்: முதலில் எதீடியம் என்ற சாயம் டீ.என்.ஏ.யில் ஒளிர்ந்து கொண்டிருக்கும். புதிய மருந்து அதைத் தள்ளி வெளியேற்ற, ஒளி மங்கும். செந்நிறக்கீழ் ஒளியல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளிதான். ஆனாலும் கணக்கு ஒன்றே.

இனி வீட்டு விடயம். “சாயம் ஏற்றிப் பார்க்கப் போகின்றோம்” என்று வைத்தியர் சொன்னால், விளங்காமல் தலையாட்டி ஒப்பமிட வேண்டாம். இந்நாட்டில் 1996 முதல் நடைமுறையிலுள்ள நோயாளர் உரிமைக் கோவையின்படி, விளங்கும் விதத்தில் விளக்கம் பெறுவது உங்கள் உரிமை. தேவையும் வசதியும் உள்ள இடத்தில் தகுதியான மொழிபெயர்ப்பாளரும் அதில் அடக்கம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் அம்மாவின் நோயைச் சொல்ல வைப்பது பிள்ளைக்கும் பாரம், அம்மாவுக்கும் கூச்சம். முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இந்தோசயனின் மருந்தில் அயடைட்டு உண்டு. அயடீன் ஒத்துக்கொள்ளாதவர்களும், ஈரல் வருத்தம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். நீரிழிவுக்காரருக்குக் கண்ணின் பின்புறம் பார்க்க ஏற்றுவது பெரும்பாலும் வேறொரு சாயம், புளோரசீன். அதை ஏற்றிய பின் சில மணி நேரம் தோல் மஞ்சளாகவும், ஒரு நாளளவுக்குச் சிறுநீர் கடும் மஞ்சளாகவும் இருக்கும். மஞ்சட்காமாலை என்று பதற வேண்டாம். இந்தோசயனின் சிறுநீரில் வராது, மலத்தோடு போய்விடும்.