எச்.ஐ.வி. தொற்றும் கொக்கெய்ன் பழக்கமும்: இரு சிகிச்சைகளும் ஒன்றையொன்று அறிய வேண்டும்

“எச்.ஐ.வி. மாத்திரைகளை ஒழுங்காகத்தான் உட்கொள்கிறார். கொக்கெய்னை மட்டும் ஏன் விட முடியவில்லை?” என்று குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு. மனவுறுதிக் குறைவே காரணம் என எண்ணிவிடுகின்றனர். அது முழு உண்மையன்று.

மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய வேதிப்பொருள் டோபமின். அதன் பணி முடிந்ததும், ஒரு கடத்திப் புரதம் அதனை நரம்பணுவுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளும். கொக்கெய்ன் இக்கடத்தியை அடைத்துவிடுவதால் டோபமின் தேங்குகிறது. எச்.ஐ.வி. உண்டாக்கும் ‘டாட்’ என்னும் புரதமும் இதே கடத்தியின் வேலையை, வேறோர் இடத்தில் பற்றிக்கொண்டு, தடுப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. மூளையில் டாட் உருவாகும்படி செய்யப்பட்ட சுண்டெலிகளிடம் கொக்கெய்னின் ஈர்ப்பு கூடியது. எச்.ஐ.வி. கூட்டு மருந்துகள் கிருமியின் பெருக்கத்தை அடக்குகின்றன. ஆனால் டாட் உருவாவதை அவை நேரடியாகத் தடுப்பதில்லை. அதனைத் தடுக்கும் வழிகள் இன்னும் ஆய்வுநிலையிலேயே உள்ளன.

கொக்கெய்ன் பழக்கத்திற்கென அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த மருந்து எதுவுமில்லை. குடிநோய்க்குரிய டைசல்பிரம் போன்ற மருந்துகள் இதற்கும் சோதிக்கப்பட்டுள்ளன. இங்கேதான் எச்சரிக்கை தேவை. எச்.ஐ.வி.க்கான லோபினவிர்–ரிட்டோனவிர் திரவ மருந்தில் ஏறத்தாழ 42 விழுக்காடு ஆல்கஹால் உண்டு. டைசல்பிரம் உட்கொள்பவர் அதனை அருந்தினால் முகம் சிவத்தல், வாந்தி, நெஞ்சுப் படபடப்பு ஆகியவை நேரலாம். டைசல்பிரம் கல்லீரலையும் பாதிக்கக்கூடும். ஆகவே ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ் தொற்று உள்ளவர்களுக்குக் கல்லீரல் பரிசோதனை இன்றியமையாதது.

ஆதலால் அன்பர்களிடம் நாங்கள் வேண்டுவன இவை: உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் ஒரு தாளில் எழுதி, இரு மருத்துவர்களிடமும் காட்டுங்கள். கொக்கெய்ன் பயன்படுத்தியதை மறைக்காதீர்கள். உண்மையை அறிந்தால்தான் மருத்துவர் பொருத்தமான மருந்தைத் தேர்ந்தெடுக்க இயலும். பழக்கம் மீண்டும் தலைதூக்கினாலும் எச்.ஐ.வி. மாத்திரைகளை நிறுத்த வேண்டா.

மருந்து இல்லையெனில் வழியே இல்லை என்று பொருளன்று. மனநல ஆலோசனையும், கொக்கெய்ன் இன்றிக் கழியும் நாட்களுக்குச் சிறு பரிசளித்து ஊக்குவிக்கும் முறையும் பலருக்குப் பயன் தந்துள்ளன. குடும்பத்தினர் பழிசொல் தவிர்த்து உடன் நிற்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.