பப்பாளி மாவுப்பூச்சி

பப்பாளி மாவுப்பூச்சி என்பது செடிகளின் சாற்றை உறிஞ்சி வாழும், வெண்ணிற மெழுகுத் தூளால் போர்த்தப்பட்ட ஒரு சிறு பூச்சியினம் ஆகும். இதன் அறிவியற் பெயர் பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ். பப்பாளியின் பெயரால் அழைக்கப்பட்டாலும் செம்பருத்தி, மரவள்ளி, முசுக்கொட்டை (மல்பெரி), கொய்யா, கத்தரி, பருத்தி உள்ளிட்ட பல செடிகளை இது தாக்குகின்றது. தாம்பரம், திருமுடிவாக்கம் போன்ற சென்னையின் தென் புறநகர்ப் பகுதிகளில் வீட்டுக்கு வீடு வளர்க்கப்படும் பப்பாளியும் செம்பருத்தியும் இதற்கு உகந்த உணவுச் செடிகளாகும். தமிழ்நாட்டில் பூச்சிக்கொல்லிகளுக்குக் கட்டுப்படாத இப்பூச்சி, 2010 ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட ஒரு சிறு குளவியால் கட்டுப்படுத்தப்பட்டது குறிப்பிடத்தக்கது.

வகைப்பாடும் பரவலும்

இது ஹெமிப்டெரா வரிசையில் சூடோகாக்சிடே குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் ஆகும். 1992 இல் இது தனி இனமாக விவரிக்கப்பட்டது. 1990களில் கரிபியன் தீவுகளில் பரவி, 1998 இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கண்டறியப்பட்டது. 2008 இல் இந்தியாவில் முதன்முறையாகக் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இலங்கையிலும் இந்தோனேசியாவிலும் இதன் இருப்பு அறியப்பட்டது.

உடலமைப்பும் வாழ்க்கை வட்டமும்

பெண் பூச்சிக்கு இறக்கைகள் இல்லை. மஞ்சள் நிற உடல் சுமார் 2 மி.மீ. நீளமுடையது. உடலின் ஓரங்களில் குட்டையான மெழுகு இழைகள் காணப்படும். ஆண் பூச்சி இதனினும் சிறியது, இறக்கைகள் உடையது.

பெண் பூச்சி பஞ்சு போன்ற பையினுள் 100 முதல் 600 வரையான முட்டைகளை இடும். இவை ஏறத்தாழ 10 நாட்களில் பொரிகின்றன. வெளிவரும் இளம்பூச்சிகள் ஊர்ந்து சென்று புதிய இடம் தேடும். காற்று, எறும்புகள், மனிதரின் ஆடை, நாற்றுகள் ஆகியவற்றின் மூலமும் அவை பரவுகின்றன.

தாக்குதலின் அறிகுறிகள்

* இலையின் அடிப்பகுதி, குருத்து, காய் ஆகியவற்றில் பஞ்சு ஒட்டியது போன்ற வெண்படலம் தோன்றும்.
* இலைகள் சுருண்டு மஞ்சளாகி உதிரும். செம்பருத்தியில் மொட்டுகள் உருக்குலையும்.
* பூச்சிகள் வெளியேற்றும் இனிப்பான கழிவுநீர் இலைகளில் பிசுபிசுப்பாகப் படியும். அதன் மேல் கரும்பூசணம் வளர்ந்து ஒளிச்சேர்க்கையைத் தடுக்கும்.
* இக்கழிவுநீரை உண்ண எறும்புகள் சாரை சாரையாக வரும்.

பிற மாவுப்பூச்சிகளிலிருந்து வேறுபாடு

பருத்தி மாவுப்பூச்சியின் முதுகில் கரும்புள்ளிகள் காணப்படும். வரி மாவுப்பூச்சிக்கு முதுகில் இரு கருங்கோடுகளும் பின்புறத்தில் இரு நீண்ட வால்களும் உண்டு. இளஞ்சிவப்பு மாவுப்பூச்சியின் உடல் அதன் பெயருக்கேற்ற நிறமுடையது. பப்பாளி மாவுப்பூச்சியில் புள்ளியோ, கோடோ, நீண்ட வாலோ இல்லை. நசுக்கினால் மஞ்சள் நிற நீர் வெளிப்படும்.

தமிழ்நாட்டில் பாதிப்பும் கட்டுப்பாடும்

2008 ஐத் தொடர்ந்த ஆண்டுகளில் கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், சேலம் முதலிய மாவட்டங்களில் பப்பாளி, மரவள்ளி, முசுக்கொட்டைத் தோட்டங்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. முசுக்கொட்டை இலையை நம்பியுள்ள பட்டுப்புழு வளர்ப்பும் பாதிப்புக்கு உள்ளானது. விவசாயிகள் பூச்சிக்கொல்லிகளைத் திரும்பத் திரும்பத் தெளித்தும் போதிய பலன் கிட்டவில்லை. மெழுகுப் படலம் மருந்தை உடலில் படவிடுவதில்லை. பஞ்சுப் பையினுள் உள்ள முட்டைகளும் தப்பிவிடுகின்றன. மாறாக, மாவுப்பூச்சியை உண்ணும் உயிரினங்களே மருந்தால் அழிந்தன.

அயல் நாட்டிலிருந்து வந்த பூச்சிக்கு இங்கே அதற்கென்ற இயற்கை எதிரி இல்லாததே அது பெருகியதற்கு முதன்மைக் காரணம். எனவே 2010 இல் அசெரோபேகஸ் பப்பாயே, அனாகைரஸ் லோக்கி, சூடுலெப்டோமாஸ்டிக்ஸ் மெக்சிகானா ஆகிய மூன்று ஒட்டுண்ணிக் குளவி இனங்கள் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனத்துக்குக் கொண்டுவரப்பட்டன. தனிமைப்படுத்திச் சோதித்த பின்னர், அதே ஆண்டின் இறுதிப் பகுதியில் இவை தமிழ்நாட்டில் விடப்பட்டன. முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன் மேல் குளவிகள் பெருக்கப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் இவற்றை விவசாயிகளுக்கு வழங்கின.

மூன்றனுள் அசெரோபேகஸ் பப்பாயே மிகச் சிறப்பாக நிலைபெற்றது. இக்குளவி இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குளவியின் புழு உள்ளிருந்தே அதனைத் தின்று வளரும். மாவுப்பூச்சி பழுப்பு நிறக் கூடாக இறுகிவிட, முதிர்ந்த குளவி அதில் துளையிட்டு வெளியேறும். இக்குளவி மனிதரைக் கொட்டுவதில்லை. ஒருமுறை நிலைபெற்றால் தானே பெருகிப் பரவும். குளவிகள் விடப்பட்ட சில மாதங்களிலேயே பூச்சியின் தாக்குதல் வெகுவாகக் குறைந்தது. இத்திட்டத்தால் 5 ஆண்டுகளில் 50 கோடி அமெரிக்க டாலருக்கும் மேற்பட்ட பயன் விளைந்ததாக 2014 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

2020 இல் கேரளத்தில் கண்டறியப்பட்டுத் தமிழ்நாட்டுக்கும் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சி வேறொரு இனம் ஆகும். அதற்கு எதிராகவும் இதே வழிமுறை பின்பற்றப்பட்டது. ஆப்பிரிக்காவில் 1980களில் வெற்றி கண்ட அனாகைரஸ் லோபெசி என்னும் குளவி, 2022 இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது.

தோட்டத்தில் நன்மை செய்யும் உயிரினங்கள்

மாவுப்பூச்சியை உண்ணும் சில உயிரினங்கள் அதைப் போன்றே தோன்றுவதால் தவறுதலாகக் கொல்லப்படுகின்றன.

* கிரிப்டோலேமஸ் பொறிவண்டு: 1898 இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இதன் புழுவும் வெண்மெழுகு இழைகளால் மூடப்பட்டிருக்கும். ஆனால் மாவுப்பூச்சியை விடப் பல மடங்கு பெரிதாக வளரும், சுறுசுறுப்பாக நகரும், இழைகளும் நீளமானவை. வண்டு கருநிறமும் செம்மஞ்சள் தலையும் உடையது.
* ஸ்பால்கிஸ் எபியஸ்: இச்சிறு வண்ணத்துப்பூச்சியின் புழு இலையை உண்பதில்லை, மாவுப்பூச்சிகளையே உண்ணும். இதன் கூட்டுப்புழு குரங்கின் முகத்தை ஒத்திருக்கும்.
* ஒட்டுண்ணிக் குளவி: இதனைக் கண்ணால் காண்பது அரிது. சிறு துளையுடன் கூடிய பழுப்பு நிறக் கூடுகளே இதன் அடையாளம்.

வீட்டுத் தோட்டத்தில் கட்டுப்படுத்தும் முறைகள்

1. மேற்கூறிய நன்மை செய்யும் உயிரினங்கள் செடியில் உள்ளனவா எனக் கூர்ந்து நோக்க வேண்டும். இருப்பின், எதையும் தெளிக்காமல் சில வாரங்கள் காத்திருப்பதே நன்று.
2. தாக்குதல் தொடக்க நிலையில் இருந்தால், இலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிப் பூச்சிகளை அகற்றலாம்.
3. கடுமையாகத் தாக்கப்பட்ட கிளைகளை வெட்டிப் பையில் கட்டி அகற்ற வேண்டும். தெருவோரத்தில் வீசினால் பூச்சி அயல் வீடுகளுக்குப் பரவும்.
4. எறும்புகளைத் தடுக்க வேண்டும். அவை கழிவுநீருக்காக மாவுப்பூச்சிகளைக் காத்து, அவற்றின் எதிரிகளை விரட்டுகின்றன.
5. வேலியோரம் வளரும் பார்த்தீனியம், துத்தி போன்ற செடிகளிலும் இப்பூச்சி தங்கும். ஆகவே அவற்றை அகற்ற வேண்டும்.
6. மேலும் தேவைப்படின் 5% வேப்பங்கொட்டைச் சாற்றைத் தாக்கப்பட்ட பகுதியில் மட்டும் மாலையில் தெளிக்கலாம்.
7. நாற்றங்காலிலிருந்து வாங்கும் செடிகளின் இலை அடிப்புறத்தைச் சோதித்த பின்னரே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* உயிரியல் கட்டுப்பாடு
* பொறிவண்டு
* செம்பருத்தி
* ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை