கறுத்துப்போன வெள்ளி ரூபாய்

கொடைக்கானல், பழனி மலைப்பகுதிச் சகோதரிகளே! பாட்டிமார் பெட்டியில் விட்டுச் சென்ற விக்டோரியா ராணி ரூபாய்கள் கறுத்துவிட்டனவே என்று புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்க முற்படுகிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

அக்கருமை அழுக்கன்று, காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு கூடி உண்டாகும் வெள்ளி சல்பைடு. மலையின் மூடுபனி ஈரம் அதனை விரைவுபடுத்துகிறது. கம்பளி, ரப்பர் வளையம் இவற்றிலும் கந்தகம் உண்டு. கம்பளிப் போர்வையோடு காசையும் ஒரே பெட்டியில் பூட்டியபின் வேறு காரணம் தேடவேண்டியதில்லை!

1939 வரையிலான ரூபாயின் எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் பாதிதான் வெள்ளி. செம்பு மிகுந்ததால் பச்சைக் களிம்பு எளிதில் பூக்கும். உண்மையான அரிப்பு அதுவே. சீராகப் படிந்த மெல்லிய கருமையால் அத்தகைய கேடில்லை. தேய்த்தாலோ வெள்ளியே கழிகிறது; முகமும் எழுத்தும் மழுங்க, சேகரிப்போர் விலையைக் குறைத்துவிடுவர். ஜகாத் கணக்கிலும் பார்க்கப்படுவது வெள்ளியின் எடையேயன்றி மினுமினுப்பன்று.

காசை விளிம்பில் பிடியுங்கள். விரல் வியர்வையும் கறையாகும். அமிலமற்ற தாளுறையில் தனித்தனியே இட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். மெத்தென்ற பி.வி.சி. உறை மட்டும் வேண்டாம். நாளடைவில் அதுவே பசை கசிந்து காசில் பச்சையாய்ப் படியும்.